ஏ.ஜி. என்பவர் யார், அவர் சொல்வது சட்டம் ஆகுமா?

கேள்வி இதுதான்: நாளிதழ்களில் “ஏ.ஜி. கருத்துத் தெரிவித்தார்”, “ஏ.ஜி. ஒப்புதல் தர மறுத்தார்” என்று செய்தி வருகிறது, ஓய்வுபெற்ற அரசு ஊழியர்களோ “என் கோப்பு ஏ.ஜி.யில் இருக்கிறது” என்கிறார்கள். இவர்கள் எல்லாரும் சொல்வது ஒரே ஏ.ஜி.யைத்தானா, அவர் எழுதித் தரும் கருத்து சட்டம் ஆகிவிடுமா?

முதற்பாதிக்கு விடை எளிது. இந்தியாவில் மட்டும் அந்த இரண்டு எழுத்துகளால் அழைக்கப்படும் பெரிய பதவிகள் மூன்று உண்டு. அவற்றில் இரண்டு வழக்குமன்றத்தைச் சேர்ந்தவை, ஒன்று கணக்கைச் சேர்ந்தது. இரண்டாம் பாதிக்கு ஒரே சொல்லில் விடை வேண்டுமானால் ‘ஆகாது’ என்பேன். ஆனால் ஏன் ஆகாது என்பதை விளக்கப் புகுந்தால், ‘சட்டம்’ என்ற சொல்லே அரசமைப்புச் சட்டத்துக்குள் பிரிவுக்குப் பிரிவு வெவ்வேறு அளவில் நிற்பதைப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஆகவே பதில் நீளும்.

அரசு ஊழியர் வாயில் வரும் ஏ.ஜி. அக்கவுண்டன்ட் ஜெனரல், அதாவது மாநிலக் கணக்காயர். சென்னை அண்ணா சாலையில் தேனாம்பேட்டையில் இருக்கும் அவருடைய அலுவலகம் ‘ஏ.ஜி. ஆபீஸ்’ என்றே ஊரில் பெயர் பெற்றுவிட்டதால், 2018-இல் அங்கே திறக்கப்பட்ட மெட்ரோ நிலையத்துக்கும் அந்தப் பெயரின் பாதியும், பக்கத்தில் உள்ள மருத்துவப் பணிகள் இயக்ககத்தின் பெயரின் சுருக்கமும் சேர்ந்து ‘ஏ.ஜி. – டி.எம்.எஸ்.’ என்று வைக்கப்பட்டது. அந்த வழியே நாள்தோறும் இறங்கி ஏறும் பலர் ஏ.ஜி. என்பதை ஓர் இடத்தின் பெயராகவே அறிவார்கள். மாநில அரசு ஊழியரின் பொது வருங்கால வைப்பு நிதிக் கணக்கை வைத்திருப்பதும், அவர் ஓய்வுபெறும்போது ஓய்வூதியம் இவ்வளவு, பணிக்கொடை இவ்வளவு என்று சரிபார்த்துக் கருவூலத்துக்கு ஆணை அனுப்புவதும் இந்த அலுவலகம்தான். வேலை மாநில ஊழியருக்கானது என்றாலும் அலுவலகம் மாநில அரசுக்குக் கட்டுப்பட்டதன்று. அது இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையரின் கீழ் வருகிறது. 1976-இல் மத்திய அரசின் கணக்குகளை எழுதி வைக்கும் வேலை தணிக்கைத் துறையிடமிருந்து எடுக்கப்பட்டு அந்தந்த அமைச்சகங்களிடம் போய்விட்டது. மாநிலக் கணக்குகள் மட்டும் பழைய இடத்திலேயே தங்கிவிட்டன. அதனால்தான் மத்திய அரசில் ஓய்வுபெறுபவர் ஏ.ஜி. பெயரைப் பெரும்பாலும் எடுப்பதில்லை, மாநில அரசில் ஓய்வுபெறுபவர் எடுக்காமல் இருக்க முடிவதில்லை.

இங்கேயே ஒரு சிறு சிக்கலைக் கவனிக்கலாம். மேலதிகாரியைச் சி.ஏ.ஜி. என்கிறோம். அதில் உள்ள ஏ.ஜி. அக்கவுண்டன்ட் ஜெனரல் அன்று, ஆடிட்டர் ஜெனரல். மேலே இருப்பவரின் ‘ஏ’ தணிக்கையைக் குறிக்கிறது, கீழே இருப்பவரின் ‘ஏ’ கணக்கைக் குறிக்கிறது. ஒரே துறையின் ஒரே கடிதத்தில் இரண்டும் வரலாம்.

இனி வழக்குமன்றத்து ஏ.ஜி.க்கள். மத்திய அரசுக்கு அட்டர்னி ஜெனரல், மாநில அரசுக்கு அட்வகேட் ஜெனரல். தமிழ் நாளிதழ்கள் இருவரையுமே ‘தலைமை வழக்கறிஞர்’ என்று எழுதுவதால், முன்னால் ‘மத்திய அரசின்’ என்றோ ‘தமிழக அரசின்’ என்றோ ஓர் அடை இல்லாவிட்டால் யாரென்று தெரியாது. முதலாமவர் அரசமைப்புச் சட்டத்தின் 76-ஆவது பிரிவின் கீழ்க் குடியரசுத் தலைவரால் நியமிக்கப்படுபவர். உச்ச நீதிமன்ற நீதிபதியாவதற்குரிய தகுதி அவருக்கு இருக்க வேண்டும். இந்தியாவின் எந்த நீதிமன்றத்திலும் எழுந்து வாதிடும் உரிமை அவருக்கு உண்டு. 88-ஆவது பிரிவின்படி நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் பேசலாம், வாக்களிக்க முடியாது. இரண்டாமவர் 165-ஆவது பிரிவின் கீழ் ஆளுநரால் நியமிக்கப்படுபவர். உயர் நீதிமன்ற நீதிபதிக்குரிய தகுதி போதும். 177-ஆவது பிரிவின்படி சட்டமன்றத்தில் பேசலாம், வாக்கு கிடையாது. சொலிசிட்டர் ஜெனரல் என்ற பெயரையும் இவர்களோடு சேர்த்துக் கேட்டிருப்பீர்கள். அந்தப் பதவியை அரசமைப்புச் சட்டம் உருவாக்கவில்லை.

ஒரே மாதிரியான வேலைக்கு இரண்டு பெயர்கள் ஏன் என்று கேட்பது நியாயமே. கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்திலேயே சென்னை, பம்பாய், கல்கத்தா மாகாணங்களில் அட்வகேட் ஜெனரல் பதவி இருந்தது. 1935-ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டம் மாகாணங்களுக்கு அந்தப் பதவியை வைத்ததோடு, தில்லிக்கும் அதே பெயரில் ஒருவரை வைத்தது. ஆக, சுதந்திரத்துக்கு முன்னர் தில்லியில் அமர்ந்திருந்தவரும் அட்வகேட் ஜெனரல்தான். பிரஜேந்திரலால் மித்தர் அந்தப் பெயரில்தான் பதவி வகித்தார். 1950-இல் அரசமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது தில்லிப் பதவியின் பெயர் அட்டர்னி ஜெனரல் என்று மாறி, எம்.சி. சீதல்வாட் அதன் முதல்வரானார். மாநிலப் பதவி பழைய பெயரோடு தொடர்ந்தது. சென்னை மாகாணத்தில் 1929 முதல் 1944 வரை அட்வகேட் ஜெனரலாக இருந்த அல்லாடி கிருஷ்ணசுவாமி ஐயர், இந்தப் பெயர் மாற்றத்தைச் செய்த அரசமைப்புச் சட்டத்தின் வரைவுக் குழுவிலேயே ஓர் உறுப்பினர். இரண்டு ஏ.ஜி. நாற்காலிகளிலும் அமர்ந்த தமிழரும் உண்டு: கே. பராசரன் 1976-இல் தமிழ்நாட்டின் அட்வகேட் ஜெனரலாகவும், 1983 முதல் 1989 வரை இந்தியாவின் அட்டர்னி ஜெனரலாகவும் இருந்தார். அவரைப் பற்றிய பழைய செய்திகளைப் படிக்கிறவர்கள் ஆண்டைப் பார்க்காமல் ‘ஏ.ஜி. பராசரன்’ என்பதற்குப் பொருள் சொல்ல முடியாது.

‘ஜெனரல்’ என்றதும் படைத்தலைவர் நினைவுக்கு வருவது இயல்பு. இங்கே அதற்கும் இதற்கும் தொடர்பில்லை. அட்டர்னி என்பவர் இன்னொருவருக்காகச் செயற்பட அதிகாரம் பெற்றவர். நாம் ‘பவர் பத்திரம்’ என்று சொல்லும் ஆவணத்தில் இருப்பதும் அதே அட்டர்னிதான். ஒரு குறிப்பிட்ட காரியத்துக்கு மட்டும் பவர் கொடுப்பது போலன்றி, அரசின் எல்லா வழக்குகளுக்கும் பொதுவாக அதிகாரம் பெற்றவர் என்பதைத்தான் அந்த ‘ஜெனரல்’ காட்டுகிறது. 

கடல் கடந்தால் குழப்பம் வேறு வடிவம் எடுக்கிறது. இலங்கையில் ஏ.ஜி. என்றால் முதலில் சட்டமா அதிபர். ஆனால் கணக்காய்வாளர் தலைமை அதிபதியின் ஆங்கிலப் பெயரும் ஏ.ஜி. என்றே சுருங்கும். தமிழில் இரண்டும் கலக்க வழியே இல்லை என்பது இலங்கைத் தமிழ் வழக்கின் நன்மை. இந்திய அட்டர்னி ஜெனரலிடமிருந்து சட்டமா அதிபர் வேறுபடும் முக்கியமான இடம், மேல் நீதிமன்றத்தில் குற்றப்பத்திரம் தாக்கல் செய்யும் அதிகாரம் அவரிடம் இருப்பது. இந்திய அட்டர்னி ஜெனரல் ஒரு கொலை வழக்கில் யார்மீது குற்றஞ்சாட்டுவது என்று முடிவு செய்வதில்லை. இலங்கையில் அந்த முடிவு சட்டமா அதிபர் திணைக்களத்தில் எடுக்கப்படுகிறது. மலேசியாவில் கூட்டரசு அரசமைப்பின் 145-ஆவது பிரிவு, வழக்கைத் தொடங்கவும் நடத்தவும் நிறுத்தவுமான அதிகாரத்தை அட்டர்னி ஜெனரலின் விருப்புரிமையில் விட்டிருக்கிறது. அங்குள்ள தமிழ் இதழ்கள் அவரைச் சட்டத்துறைத் தலைவர் என்று எழுதுகின்றன. சிங்கப்பூரில் தலைமைச் சட்ட அதிகாரி, தலைமைக் கணக்குத் தணிக்கையர், தலைமைக் கணக்காயர் ஆகிய மூவரும் ஆங்கிலத்தில் ஏ.ஜி.க்களே, ஆகையால் அவர்கள் அலுவலகங்களை மூன்றாவது எழுத்தாலேயே பிரித்து ஏ.ஜி.சி., ஏ.ஜி.ஓ., ஏ.ஜி.டி. என்று வழங்குகிறார்கள். 

ஐரோப்பாவில் இன்னும் இருவரைச் சொல்லிவிட்டு நகர்கிறேன். லக்சம்பர்க்கில் உள்ள ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றத்தில் அட்வகேட் ஜெனரல்கள் இருக்கிறார்கள். இவர்கள் எந்த அரசின் வழக்கறிஞர்களும் அல்லர், நீதிமன்றத்தையே சேர்ந்தவர்கள், தீர்ப்புக்கு முன்னால் வழக்கைப் பற்றித் தங்கள் கருத்தை நடுநிலையாக எழுதி வைப்பது அவர்கள் பணி. “ஏ.ஜி. கருத்து வெளியானது” என்று அங்கிருந்து வரும் செய்தியைத் தமிழில் எழுதும்போது அரசு வழக்கறிஞரின் வாதம் என்று எழுதிவிடுகிறவர்கள் உண்டு, அது பெரும்பிழை. ஜெர்மனியிலோ ஏ.ஜி. ஓர் ஆளே அன்று. பி.எம்.டபிள்யூ. ஏ.ஜி. என்பதில் அது பங்குகளால் அமைந்த நிறுவனத்தைக் குறிக்கிறது. அதே நாட்டுத் தீர்ப்புத் திரட்டுகளில் ஊரின் பெயரோடு சேர்ந்து வரும் ஏ.ஜி. கீழமை நீதிமன்றத்தைக் குறிக்கிறது. நிறுவனங்களின் பதிவேட்டை வைத்திருப்பதும் அந்தக் கீழமை நீதிமன்றமே என்பதால், ஒரு ஏ.ஜி. இன்னொரு ஏ.ஜி.யில் பதிவாகியிருக்கும்.

இப்போது சட்டத்துக்கு வருவோம். இரண்டு இந்திய ஏ.ஜி.க்களையும் ‘சட்டம்’ என்ற சொல்லையும் ஒரே இடத்தில் காட்டும் வழக்கு ஒன்று இருக்கிறது. உச்ச நீதிமன்றம் தொடங்கிய ஆண்டிலேயே, 1950 மே 19 அன்று தீர்ப்பான ஏ.கே. கோபாலன் எதிர் சென்னை மாநிலம் என்ற வழக்கு அது. பொதுவுடைமைத் தலைவரான கோபாலன் 1947 டிசம்பர் முதல் காவலில் இருந்தவர். தடுப்புக் காவல் சட்டம் 1950-இல் வந்ததும் அதன் கீழ் மீண்டும் ஆணை பிறப்பிக்கப்பட்டது. அவருக்காக எம்.கே. நம்பியார் வாதிட்டார். எதிர்த்தரப்பில் சென்னை மாநிலத்துக்காக அதன் அட்வகேட் ஜெனரல் கே. ராஜா ஐயரும், இந்திய ஒன்றியத்துக்காக அட்டர்னி ஜெனரல் சீதல்வாடும் எழுந்தார்கள். பல ஆண்டுகளுக்குப் பின்னர் நம்பியாரின் மகன் கே.கே. வேணுகோபால் அதே அட்டர்னி ஜெனரல் பதவிக்கு வந்தார் என்பதை இடையில் சொல்லிவைக்கலாம்.

நம்பியாரின் வாதத்தில் ஒரு பகுதி ஒரே சொல்லைப் பற்றியது. ‘சட்டத்தால் நிறுவப்பட்ட நடைமுறையின்படி அன்றி’ எவருடைய உயிரையும் உடல் சார்ந்த சுதந்திரத்தையும் பறிக்கக் கூடாது என்று 21-ஆவது பிரிவு சொல்கிறது. இதில் வரும் சட்டம் எது? இலத்தீனில் இதற்கு இரண்டு சொற்கள் உண்டு: ஆட்சியாளர் இயற்றியது ‘லெக்ஸ்’, நீதி, முறை, நெறி எல்லாவற்றையும் உள்ளடக்கியது ‘யூஸ்’. 21-ஆவது பிரிவின் சட்டம் ‘யூஸ்’ என்று கொண்டால், நாடாளுமன்றம் இயற்றிவிட்டது என்பது மட்டும் போதாது, இயற்றியது இயற்கை நீதிக்கு இசைந்ததாகவும் இருக்க வேண்டும். தலைமை நீதிபதி கனியா இதை ஏற்கவில்லை; இங்குள்ள சட்டம் அரசு இயற்றிய சட்டமே என்றார். ஆறு பேர் கொண்ட அமர்வில் பசல் அலி மாறுபட்டார். காவலின் காரணங்களை நீதிமன்றத்துக்குக்கூட வெளிப்படுத்தக் கூடாது என்ற, தடுப்புக் காவல் சட்டத்தின் 14-ஆவது பிரிவு மட்டும் செல்லாது என்று நீக்கப்பட்டது. மற்றபடி சட்டம் நின்றது, கோபாலனின் மனு தள்ளுபடியானது. 

1978-இல் மேனகா காந்தி வழக்கில் உச்ச நீதிமன்றம், அந்த நடைமுறை நியாயமானதாகவும் நேர்மையானதாகவும் இருக்க வேண்டும், தன்னிச்சையானதாக இருக்கக் கூடாது என்றது. 21-ஆவது பிரிவில் ஓர் எழுத்தும் மாறவில்லை. ஆனால் 1950-இல் தோற்ற வாதம் ஏறத்தாழ முழுவதுமாக 1978-இல் அதற்குள் வந்து அமர்ந்தது. என் மதிப்பீட்டில், இந்திய அரசமைப்பில் ஒரு சொல் அடைந்த மாற்றங்களிலேயே சாதாரணக் குடிமகனின் வாழ்க்கையை அதிகம் தொட்டது இதுதான். கேசவானந்த பாரதி வழக்கின் புகழ் இதற்கு இல்லை என்றாலும் பயன் இதற்கே கூடுதல்.

அந்த வழக்கையும் இங்கே சொல்லத்தான் வேண்டும், ஏனெனில் அதற்கு முன்னர் நடந்த தகராறும் இதே சொல்லைப் பற்றியது. அடிப்படை உரிமைகளைப் பறிக்கும் எந்தச் ‘சட்டத்தையும்’ அரசு இயற்றக் கூடாது என்பது 13-ஆவது பிரிவின் இரண்டாம் உட்பிரிவு. அரசமைப்புச் சட்டத்தைத் திருத்தும் திருத்தமும் அந்தச் ‘சட்டம்’ என்பதில் அடங்குமா? அடங்காது என்று 1951-இல் சங்கரி பிரசாத் வழக்கில் சொன்ன உச்ச நீதிமன்றம், அடங்கும் என்று 1967-இல் கோலக்நாத் வழக்கில் ஆறுக்கு ஐந்து என்ற கணக்கில் சொன்னது. நாடாளுமன்றம் 1971-இல் 24-ஆவது திருத்தத்தைக் கொண்டுவந்து, அடங்காது என்று எழுதியே வைத்தது. 1973 ஏப்ரல் 24 அன்று கேசவானந்த பாரதி வழக்கில் பதின்மூன்று நீதிபதிகள் அந்தத் திருத்தத்தை ஏற்று, கோலக்நாத் தீர்ப்பை விலக்கி, திருத்தம் அரசமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பைச் சிதைக்கக் கூடாது என்ற வேறு வரம்பை ஏழுக்கு ஆறு என்ற கணக்கில் போட்டார்கள். இருபத்திரண்டு ஆண்டுகள் நீண்ட சண்டை அது.

13-ஆவது பிரிவு தன் சட்டத்துக்குத் தானே விளக்கமும் தருகிறது, அந்த விளக்கம் மிக அகலமானது. அவசரச் சட்டம், ஆணை, துணைவிதி, விதி, ஒழுங்குமுறை, அறிவிக்கை ஆகியவற்றோடு, சட்டத்தின் வலிமை கொண்ட வழக்காறும் மரபும்கூட அதில் சட்டமே. உரிமையைப் பறிக்க வருவது எந்த உருவத்தில் வந்தாலும் பிடித்து நிறுத்த வேண்டும் என்பதால் வலை இவ்வளவு பெரிதாக விரிக்கப்பட்டிருக்கிறது. அப்படியும் சில மீன்கள் தப்பின: 1951-இல் பம்பாய் உயர் நீதிமன்றம் நரசு அப்பா மாலி வழக்கில், சமய வழித் தனிநபர் சட்டம் 13-ஆவது பிரிவின் ‘நடைமுறையில் உள்ள சட்டங்கள்’ என்பதில் வராது என்றது.

உரிமையைக் கட்டுப்படுத்த அரசுக்கு அனுமதி தரும் பிரிவுகளில் நிலைமை தலைகீழ். அங்கே சட்டம் என்பது குறுகிவிடுகிறது, அது குறுகினால்தான் குடிமகனுக்குப் பாதுகாப்பு. உத்தரப் பிரதேசக் காவல்துறை, தன் கண்காணிப்புப் பட்டியலில் உள்ளவர்களின் வீட்டுக் கதவை இரவில் தட்டுவதற்குத் தன் துறை ஒழுங்குமுறைகளைக் காரணம் காட்டியது. 1962-இல் கரக் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், அவற்றுக்குப் பின்னால் எந்தச் சட்டத்தின் அதிகாரமும் இல்லை, அவை அலுவலர்களுக்கான உள்துறை அறிவுரைகளே, ஆகவே சட்டம் அல்ல என்று கூறி அந்த இரவு வருகையைச் செல்லாது என்றது. வரி விதிப்புக்கு 265-ஆவது பிரிவும், சொத்தை எடுப்பதற்கு 300-ஏ பிரிவும் ‘சட்டத்தின் அதிகாரம்’ கேட்கின்றன. இங்கும் பிஷம்பர் தயாள் வழக்கில் 1981-இல் சொல்லப்பட்டபடி, நாடாளுமன்றமோ சட்டமன்றமோ இயற்றிய சட்டம் வேண்டும், அல்லது அதன் கீழ்ப் பிறந்து சட்டத்தின் வலிமை பெற்ற விதியோ ஆணையோ வேண்டும். அரசின் வெறும் நிருவாக உத்தரவு போதாது. ‘அரசாணை வந்துவிட்டது’ என்றதும் சட்டம் வந்துவிட்டதாக நினைக்கிறோமே, அந்த அரசாணை எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவைச் சொல்லித் தொடங்குகிறது என்று அதன் முதல் பத்தியைப் பார்த்தால் பாதிக் கேள்வி தீர்ந்துவிடும்.

141-ஆவது பிரிவில் உள்ள சட்டமோ இயற்றப்படுவதே அன்று. உச்ச நீதிமன்றம் அறிவிக்கும் சட்டம் எல்லா நீதிமன்றங்களையும் கட்டுப்படுத்தும் என்கிறது அது.

மற்ற நாடுகளின் விளக்கங்களும் ஒன்றுபோல் இல்லை. மலேசிய அரசமைப்பின் 160-ஆவது பிரிவு, எழுதப்பட்ட சட்டத்தோடு நடைமுறையில் உள்ள ஆங்கிலேயப் பொதுச் சட்டத்தையும் சட்ட வலிமையுள்ள வழக்காறுகளையும் சேர்த்துக்கொள்கிறது. இலங்கை 1978-ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 170-ஆவது உறுப்புரை, பாராளுமன்றத்தின் சட்டங்களையும் முந்தைய சட்டவாக்க மன்றங்கள் ஆக்கியவற்றையும் மட்டும் ‘சட்டம்’ என்று வைத்து, விதிகளையும் துணைவிதிகளையும் ‘எழுத்திலான சட்டம்’ என்ற வேறு பெயருக்குள் தள்ளுகிறது. இலங்கைச் சட்டங்களின் பெயர்களே ஒரு காலக்கணக்கு: பிரித்தானியர் காலத்தில் ஆக்கப்பட்டவை கட்டளைச் சட்டங்கள், யாழ்ப்பாணத்துத் திருமண உரிமைகளையும் உரிமையேற்பையும் பற்றிய 1911-ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தைப் போல. 1972 முதல் 1978 வரை தேசிய அரசுப் பேரவை ஆக்கியவற்றுக்கு ஆங்கிலத்தில் ‘லா’ என்பதே தலைப்புப் பெயர். 1972-ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டம் அப்படிப்பட்டது. அதற்குப் பின் வந்தவை ‘ஆக்ட்’. தமிழில் பின்னிரண்டும் சட்டம் என்றே வருவதால் ஆண்டைக் கொண்டுதான் பிரிக்க வேண்டும். ஆங்கிலத்தில் கட்டளைச் சட்டத்துக்கும் இந்தியாவின் அவசரச் சட்டத்துக்கும் ஒரே பெயர்தான் என்றாலும், முன்னது நிரந்தரமான சட்டம். பின்னது அவை மீண்டும் கூடிய ஆறு வாரத்தில் அற்றுப்போவது.

இவ்வளவும் தெரிந்தபின் ஏ.ஜி.யின் கருத்தை எங்கே வைப்பது என்பது தானே விளங்கும். 76-ஆவது பிரிவின்படி அட்டர்னி ஜெனரல் தருவது அரசுக்கு ஆலோசனை. அரசே அதை ஏற்றாக வேண்டும் என்று எங்கும் எழுதியில்லை; நீதிமன்றத்துக்கு அது ஒரு தரப்பின் வாதம். 13-ஆவது பிரிவின் அகலமான பட்டியலில்கூட அதற்கு இடமில்லை. லக்சம்பர்க் அட்வகேட் ஜெனரலின் கருத்து நடுநிலையானது என்றாலும் அங்குள்ள நீதிபதிகளைக் கட்டுப்படுத்தாது. இலங்கையில் மட்டும் நிலைமை சற்றுக் கனமானது. ஒவ்வொரு சட்டமூலமும் அரசியலமைப்புக்கு மாறானதா, சிறப்புப் பெரும்பான்மை தேவைப்படுவதா என்று ஆராய்ந்து சொல்வது 77-ஆவது உறுப்புரையின்படி சட்டமா அதிபரின் கடமை. இறுதி முடிவு உயர் நீதிமன்றத்தினுடையதே (இலங்கையின் உச்ச நீதிமன்றத்துக்கு அங்கே அதுதான் பெயர்), எனினும் சட்டமூலம் நிறைவேறிச் சபாநாயகரின் சான்று பதிந்துவிட்டால் அதன் செல்லுபடியை எந்த நீதிமன்றமும் கேள்வி கேட்க முடியாது என்பதால், அந்தக் கருத்து தவறினால் திருத்தும் வாய்ப்பு மிகக் குறுகிய காலமே இருக்கிறது.

செய்தியில் வரும் ‘ஒப்புதல் மறுத்தார்’ என்பது கருத்து அன்று, அது அதிகாரம். நீதிமன்ற அவமதிப்புச் சட்டம், 1971-இன் 15-ஆவது பிரிவு, தனியார் ஒருவர் குற்றவியல் அவமதிப்பு மனு கொண்டுவர வேண்டுமானால் அட்வகேட் ஜெனரலின் எழுத்துப்பூர்வமான ஒப்புதல் வேண்டும் என்கிறது. அதன் கீழே ஒரு விளக்கம் இருக்கிறது: உச்ச நீதிமன்றத்தைப் பொறுத்தவரை ‘அட்வகேட் ஜெனரல்’ என்றால் அட்டர்னி ஜெனரல் அல்லது சொலிசிட்டர் ஜெனரல், உயர் நீதிமன்றத்தைப் பொறுத்தவரை அந்த மாநிலத்தின் அட்வகேட் ஜெனரல். ஒரு ஏ.ஜி. என்று எழுதிவிட்டு இன்னொரு ஏ.ஜி. என்று படித்துக்கொள் என்று நாடாளுமன்றமே சொன்ன இடம் இது. அவர் மறுத்தால் நீதிமன்றம் தானாக முன்வந்து எடுத்தாலொழிய மனு நகராது. அந்த வலிமை 15-ஆவது பிரிவிலிருந்து வருவது. அவர் எழுதிய கடிதத்தின் காரணங்கள் அடுத்த வழக்கில் யாரையும் கட்டுப்படுத்தா.

கடைசியாக, ஓய்வூதியக் கோப்பு. மாநிலக் கணக்காயர் அலுவலகம் உங்கள் பணிக்காலத்தில் சில ஆண்டுகளைச் சேர்க்க முடியாது என்றோ, பணிக்கொடையை நிறுத்தி வைக்க வேண்டும் என்றோ எழுதினால், அந்தக் கடிதமும் சட்டம் அல்ல. அது தமிழ்நாடு ஓய்வூதிய விதிகள், 1978-ஐப் பொருத்திப் பார்த்த ஒரு முடிவு. அந்த விதிகள் அரசமைப்பின் 309-ஆவது பிரிவின் கீழ் ஆக்கப்பட்டவை என்பதால் அவை சட்டம். அவற்றுக்கு மாறாக ஒரு சுற்றறிக்கை மட்டும் காரணமாகக் காட்டப்பட்டிருந்தால் அது நிற்காது. 2013-இல் ஜார்க்கண்ட் மாநிலம் எதிர் ஜிதேந்திர குமார் ஸ்ரீவாஸ்தவா வழக்கில் உச்ச நீதிமன்றம், ஓய்வூதியமும் பணிக்கொடையும் 300-ஏ பிரிவின் பொருளில் சொத்து, விதியில் இடமில்லாதபோது நிருவாக அறிவுறுத்தலைக் கொண்டு அதில் ஒரு பகுதியைக்கூட நிறுத்தி வைக்க முடியாது என்று தீர்த்தது. ஆகவே கடிதம் வந்தால் முதலில் அது எந்த விதியைச் சொல்கிறது என்று பாருங்கள். விதி எண் இல்லாமல் சுற்றறிக்கை எண் மட்டும் இருந்தால், துறைத்தலைவர் வழியாக விதியைக் கேட்டு எழுதுங்கள். அதற்கும் பலனில்லாமல் 226-ஆவது பிரிவின் கீழ் உயர் நீதிமன்றம் போக நேர்ந்தால், எதிர்மனுதாரர்களாக உங்கள் துறையையும் மாநிலக் கணக்காயரையும் தனித்தனியே சேர்க்க வேண்டும். அட்வகேட் ஜெனரல் அலுவலகத்தைச் சேர்ந்த அரசு வழக்கறிஞர் உங்கள் துறைக்காக மட்டுமே எழுவார். மாநிலக் கணக்காயர் மத்தியத் தணிக்கைத் துறையைச் சேர்ந்தவர் என்பதால் அவருக்கு வேறு வழக்கறிஞர் வருவார், மனுவின் நகலும் அவருக்குத் தனியே போக வேண்டும்.